கோயிலுக்கு நூறு மீட்டருக்குள் வீடு: ஃபைபர் இணைப்பு கேட்கலாமா?

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய வீடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒரு சோழர் காலக் கோயிலின் மடவிளாகத் தெருவில் இருக்கிறது. மாமனாரின் தகப்பனார் கட்டிய ஓட்டு வீடு. வாசகி வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வேலை செய்கிறார், மகள் பொறியியல் படிக்கிறாள். தெருவில் இருப்பது பழைய செம்புக் கம்பி இணைப்பு. மழை பெய்தால் அதுவும் போய்விடும். இரண்டு தெரு தள்ளி எல்லா வீட்டிலும் ஃபைபர் வந்துவிட்டது. இவர் கேட்டபோது நிறுவனத்தின் ஊழியர், “அது ஆர்க்கியாலஜி ஏரியா, அங்கே கேபிள் இழுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது” என்று சொல்லிவிட்டார். கோயிலில் இருந்த துறைப் பணியாளரிடம் விசாரித்தால், “நூறு மீட்டருக்குள் எதுவுமே செய்யக்கூடாதும்மா” என்ற பதில். உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் மட்டும், “வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுங்கள், ஒரே ராத்திரியில் கம்பம் நட்டு இழுத்துவிடுகிறேன்” என்கிறாராம். தெருக்காரர்கள் அதற்குத் தயாராகிவிட்டார்கள்.

வாசகியின் கேள்விகள் இவை. இணையம் அடிப்படை உரிமை என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு துறை எப்படித் தடுக்கலாம்? பொதுத் திட்டங்களுக்கு விலக்கு தரும்படி 2018-ல் சட்டம் திருத்தப்பட்டதாகப் படித்தாரே, அது நமக்கு உதவாதா? புதிய தொலைத்தொடர்பு விதிப்படி 67 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே அர்த்தம் என்கிறார்களே, அதை வைத்து வேலையைத் தொடங்கலாமா? தெருக்காரர்களோடு சேர்ந்து ஆபரேட்டருக்குப் பணம் கொடுக்கலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். பணம் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். மற்றபடி, உங்கள் தெருவுக்கு ஃபைபர் வர வழியே இல்லை என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு “முடியாது” என்று சொன்ன இருவரும் அந்தப் பதிலை எழுத்தில் தரவில்லை, அப்படிச் சொல்லும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. சட்டத்தில் இருப்பது அவர்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது.

நூறு மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது?

கோபுரத்திலிருந்து உங்கள் வீடு ஏறத்தாழ 120 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு உதவாது. 1958-ஆம் ஆண்டின் தொன்மை நினைவுச்சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவு, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் குறைந்தது 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதி என்கிறது. எல்லை என்பது கோபுரமோ விமானமோ அல்ல. பெரும்பாலும் அது வெளி மதில். சில இடங்களில் மதிலுக்கு வெளியே துறை வேலி போட்டுப் புல்வெளி வைத்திருக்கும் நிலமும் அதில் அடங்கும். அந்தக் கோட்டிலிருந்து அளந்தால் உங்கள் வீடு 40 மீட்டரில்கூட இருக்கலாம். தடைப் பகுதிக்கு வெளியே இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றுக் கட்டலாம்.

இந்த வேறுபாடு உங்கள் விஷயத்தில் மிகவும் முக்கியம். தடைப் பகுதியில் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி தர யாருக்குமே அதிகாரம் இல்லை. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் விண்ணப்பித்தால் பரிசீலித்தே ஆக வேண்டும். தெருவின் எந்த வீடு எந்தப் பகுதியில் வருகிறது என்று தெரியாமல் ஒரு மனுகூட எழுத முடியாது. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் இணையவழி விண்ணப்ப முறையும், இஸ்ரோவின் உதவியோடு உருவான ஸ்மாரக் என்ற செயலியும் ஒரு மனையின் இடத்தைக் குறித்துத் தூரத்தைக் கணக்கிடத்தான் இருக்கின்றன. அதோடு, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லைக் கோடு குறித்த வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொல்லியல் துறையின் திருச்சி வட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். வரைபடம் கையில் வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். உங்கள் கோயில் மத்தியத் துறையின் பட்டியலில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்தே பதில் சொல்கிறேன். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு, 1966-ல் வந்தது. அறநிலையத் துறை நிர்வகிக்கிறது என்பதாலேயே ஒரு கோயில் இந்த நூறு மீட்டர் விதிக்குள் வந்துவிடாது. ஆனால் உங்கள் மனையே கோயிலுக்குச் சொந்தமான அடிமனையாக இருந்தால் அந்தத் துறையின் சம்மதமும் தேவைப்படலாம். பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் படித்த மூன்று செய்திகள்

நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்துக்கொள்வோம். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம், விடுதி மாணவி ஒருவருக்கு விதிக்கப்பட்ட கைப்பேசிக் கட்டுப்பாட்டைப் பற்றிய வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், இணையத்தின் வழியாகக் கருத்துச் சொல்வதும் தொழில் செய்வதும் அரசியலமைப்புப் பாதுகாப்பு உள்ளவை என்றது. இரண்டுமே பெரிய தீர்ப்புகள். ஆனால் இரண்டும், இருக்கும் இணையத்தைப் பறிப்பதைப் பற்றியவை. ஒரு குறிப்பிட்ட தெருவுக்குக் குறிப்பிட்ட வேகத்தில் கேபிள் போட்டுத் தர வேண்டும் என்ற கடமையை அவை யார் மீதும் சுமத்தவில்லை. பிராட்பேண்ட் என்று அழைக்க இந்தியாவில் 2023 முதல் வேண்டிய குறைந்தபட்ச வேகமே நொடிக்கு 2 மெகாபிட்தான். உங்கள் செம்புக் கம்பி நல்ல நாளில் அதைத் தாண்டிவிடும். ஆகவே உரிமை என்ற ஒற்றை வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

2018 விஷயம். தடைப் பகுதியில் மத்திய அரசின் பொதுப்பணிகளை அனுமதிக்க ஒரு திருத்த மசோதா வந்தது உண்மை. அந்த ஆண்டு ஜனவரியில் மக்களவை அதை நிறைவேற்றியது. மாநிலங்களவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. அது சட்டமாகவே ஆகவில்லை. 2019-ல் மக்களவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது. இன்று அமலில் இருப்பது 2010-ன் வாசகம்தான். பொதுமக்களுக்கு அத்தியாவசியமான திட்டம் என்றாலும் தடைப் பகுதியில் அனுமதி கிடையாது என்று 20ஏ பிரிவின் 4-ஆவது உட்பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று உங்களுக்குக் கோபம் வருவது புரிகிறது. இதற்கு ஒரு கதை உண்டு. 1992 ஜூன் 16 அறிவிக்கையிலேயே 100 மீட்டர், 200 மீட்டர் எல்லைகள் வந்துவிட்டன. ஆனால் பின்னாளில் ஒரு நிபுணர் குழு அமைத்து, தடைப் பகுதிக்குள்ளேயே ஒவ்வொன்றாக விலக்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் இல்லாத அதிகாரம் அது என்று 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு வந்த 2010 திருத்தம் விலக்கு என்ற கதவையே இழுத்து மூடியது. ஆயிரம் ஆண்டுக் கற்றளிக்குப் பக்கத்தில் அடுக்குமாடி எழும்பாமல் இருப்பதற்கு அந்தக் கதவடைப்பும் ஒரு காரணம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, 67 நாள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த வழியுரிமை விதிகள், அதாவது கேபிள் போட நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய விதிகள், 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளன. பொது நிலத்தில் கேபிள் போட நிறுவனம் விண்ணப்பித்து, உரிய அமைப்பு அந்தக் காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி தரப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது சரிதான். ஆனால் அது நிலத்துக்குப் பொறுப்பான அமைப்பின் அனுமதி. உங்கள் தெரு பேரூராட்சிக்குச் சொந்தமானால், பேரூராட்சி வாய் திறக்காததால் கிடைத்த அனுமதி பேரூராட்சியை மட்டுமே கட்டுப்படுத்தும். நினைவுச்சின்னச் சட்டம் தனி. ஒன்றின் மௌனம் மற்றொன்றின் சம்மதம் ஆகாது. அந்த 67 நாளை நம்பிக் கடப்பாரையை எடுத்தால், நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

விலக்கு கேட்காதீர்கள், விளக்கம் கேளுங்கள்

இங்கேதான் உங்களுக்கான வழி இருக்கிறது. 20ஏ தடுப்பது கட்டுமானத்தை. கட்டுமானம் என்றால் என்ன என்று அதே சட்டத்தின் 2(டிசி) பிரிவு சொல்கிறது. ஒரு கட்டடத்தையோ அமைப்பையோ எழுப்புவது, பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ நீட்டுவது. பிறகு, எவையெல்லாம் கட்டுமானம் ஆகாது என்றும் அதே பிரிவு பட்டியல் போடுகிறது. இருக்கும் கட்டடத்தைப் பழுது பார்ப்பது, வடிகால் அமைப்பது, பொதுக் கழிப்பறை, மக்களுக்குக் குடிநீர் வழங்கும் பணிகள், மக்களுக்கு மின்சாரம் வழங்குவதற்கான அமைப்புகள். பட்டியலின் கடைசியில், இவற்றைப் போன்ற பொது வசதிகள் என்றும் ஒரு சொற்றொடர் சேர்த்திருக்கிறார்கள்.

தொலைத்தொடர்புக் கேபிள் அந்தக் கடைசிச் சொற்றொடருக்குள் வரும் என்பது என் வாசிப்பு. தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் இடம் கொடுத்த சட்டம், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கண்ணாடி இழைக் கேபிளை மட்டும் ஒதுக்குவதற்குக் காரணம் தெரியவில்லை. இன்னொரு ஆதாரமும் உண்டு. ஒவ்வொரு சின்னத்துக்கும் பாரம்பரியத் துணைவிதிகள் உருவாக்கச் சொல்லும் 20இ பிரிவு, அந்த விதிகளில் சாலை, வடிகால், மின்கம்பம், தண்ணீர் மற்றும் கழிவுநீர்க் குழாய் போன்ற சேவைக் கட்டமைப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்பதும் அடங்க வேண்டும் என்கிறது. நினைவுச்சின்னத்தைச் சுற்றி மனிதர்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கு இந்த வசதிகள் வேண்டும் என்று சட்டமே எதிர்பார்த்திருக்கிறது. உங்கள் கோயிலுக்குத் துணைவிதி உருவாகியிருக்கிறதா, வரைவு நிலையில் இருக்கிறதா என்று தகவல் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். பட்டியலில் தொலைத்தொடர்பு என்ற பெயர் இல்லை. தனியார் நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சேவை, மக்களுக்கான பொது வசதி ஆகாது என்று ஒரு அதிகாரி கருதலாம். கேபிளை ஏற்றுக்கொண்டு, கான்கிரீட் மேடையில் நிற்கும் இரும்புப் பெட்டியையும் புதிய கம்பத்தையும் மட்டும் கட்டுமானம் என்று பிரிக்கலாம். பிந்தையது நியாயமான நிலைப்பாடு என்றே நானும் நினைக்கிறேன். அதனால்தான் “பொது நன்மைக்காக விலக்கு தாருங்கள்” என்று மனு எழுதக்கூடாது என்கிறேன். விலக்கு கேட்டால், நீங்களே அது கட்டுமானம்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கப்புறம் 20ஏ-யின் 4-ஆவது உட்பிரிவைக் காட்டி மனுவை மூடிவிடுவார்கள். கேட்க வேண்டியது வேறு: இன்ன அளவுள்ள கேபிளை, இன்ன முறையில், இன்ன பாதையில் கொண்டுபோவது 2(டிசி) பிரிவின்படி கட்டுமானம் ஆகாது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள் என்று.

யார் கேட்பது, எப்படிக் கேட்பது?

வழியுரிமைக்கு விண்ணப்பிக்க உங்களால் முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம்தான் செய்ய வேண்டும். அதற்கு 2022 முதல் கதிசக்தி சஞ்சார் என்ற மைய இணையதளம் இருக்கிறது. தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதியை மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்களிடம் பேசிய ஊழியர் “அனுமதி கிடையாது” என்றாரே, நிறுவனம் எப்போதாவது விண்ணப்பித்ததா? எனக்குச் சந்தேகம்தான். 40 வீட்டு வருமானத்துக்காக இரண்டு துறைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க ஒரு நிறுவனத்துக்கு ஆர்வம் இருக்காது. “ஆர்க்கியாலஜி ஏரியா” என்பது அவர்களுக்குச் சுலபமான பதில்.

அதனால் உங்கள் முதல் வேலை, தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, “இணைப்பு கிடைத்தால் இத்தனை வீடுகள் எடுத்துக்கொள்வோம்” என்று நிறுவனத்துக்கு எழுதுவது. ஒரே நிறுவனத்தோடு நிற்காதீர்கள், உங்கள் பகுதியில் சேவை தரும் எல்லாருக்கும் எழுதுங்கள். விண்ணப்பித்தீர்களா, மறுத்தது யார், மறுப்பு ஆணையின் நகல் எங்கே என்று அதே கடிதத்தில் கேளுங்கள். ஆபரேட்டருக்குத் தருவதாகச் சேர்த்த பணத்தைவிட அந்தக் கையெழுத்துகள் அதிகம் பயன்படும்.

இரண்டாவது, தகவல் உரிமை மனுவில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். 2010-க்குப் பிறகு உங்கள் தெருவில் குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ புதிதாகப் போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் தொல்லியல் துறையோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல் வேண்டும் என்று. பேரூராட்சியிடமும் இதே கேள்வி. அந்த வேலை கட்டுமானமாகக் கருதப்படாமல் நடந்திருந்தால், உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல துணை வேறு இல்லை. ஒரே தெரு, ஒரே மண், ஒரே சட்டம்.

தெருவின் கோடியிலுள்ள வீடுகள் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் வந்தால், அங்கே நடைமுறை தெளிவாக இருக்கிறது. நினைவுச்சின்னச் சட்டத்தின் கீழ் அனுமதி தர நியமிக்கப்பட்ட ‘தகுதியுள்ள அதிகாரி’யிடம் விண்ணப்பம் போக வேண்டும். அவர் 15 நாளுக்குள் தேசிய ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவெடுக்க வேண்டும்.

இதைப் பயன்படுத்திக்கொள்ளும் விதத்தில் பாதையை வடிவமைக்கச் சொல்லுங்கள். செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் குறையும். அதனால்தான் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெட்டி வைக்க வேண்டியிருந்தது. ஃபைபருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இப்போது வீடுகளுக்குத் தரும் முறையில் இணைப்பகத்திலிருந்து 20 கிலோமீட்டர் வரைகூடப் போகும். ஆகவே பிரிப்பான் பெட்டி, கம்பம், மின் இணைப்பு தேவைப்படும் கருவி என்று கண்ணில் படும் எல்லாவற்றையும் நூறு மீட்டருக்கு வெளியே நிறுத்திவிட்டு, தடைப் பகுதிக்குள் மெல்லிய கேபிளை மட்டும் கொண்டுவரலாம். இருக்கும் தொலைபேசிக் குழாய் வழியாகவோ ஏற்கெனவே நிற்கும் மின்கம்பங்களிலோ கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. மின்கம்பத்துக்கு மின் வாரியத்தின் அனுமதி தேவை, அதையும் நிறுவனம்தான் வாங்க வேண்டும். “நாங்கள் புதிதாக எதையும் எழுப்பவில்லை, தோண்டவில்லை” என்று ஒரு விண்ணப்பம் சொல்ல முடிந்தால் அதிகாரிக்கு மறுப்பதற்கான காரணமே குறைந்துபோகும்.

தோண்டியே ஆக வேண்டுமென்றால், இயந்திரத்தால் பூமிக்குள் கண்மூடித்தனமாகத் துளைத்துக்கொண்டு போகும் முறையை ஒப்புக்கொள்ளாதீர்கள். தெருவைக் கெடுக்காது என்பதால் நிறுவனங்கள் அதை விரும்பும். உங்கள் தெருவில் அது ஆபத்தானது. கீழே பழைய அடித்தளமோ செங்கல் கட்டுமானமோ இருந்தால் துளைத்த பிறகுதான் தெரியும், அல்லது தெரியாமலே போய்விடும். ஆழம் குறைந்த பள்ளம், கையால் தோண்டுவது, துறையின் ஆள் பக்கத்தில் நிற்பது என்று நிறுவனமே விண்ணப்பத்தில் எழுதித் தர வேண்டும். எதாவது கிடைத்தால் வேலையை நிறுத்தித் தகவல் சொல்வதாகவும் உறுதி சொல்லட்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரவோடு இரவாகப் போட்டால்

ஆபரேட்டர் நடப்போவது புதிய கம்பங்கள். கேபிளைப் பற்றி நான் வாதாட முடியும். நூறு மீட்டருக்குள் கான்கிரீட் போட்டு நட்ட கம்பத்தைப் பற்றி வாதாடுவது கடினம். அது கட்டுமானம் என்று முடிவானால், 30ஏ பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கொடுத்து வேலை வாங்கியவர் என்ற முறையில் உங்கள் பெயரும் உள்ளே வரலாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை மிகவும் கலங்க வைத்தது. கேபிளை ஒரு இடத்தில் கோயிலின் வெளி மதிலில் ஆணி அடித்துத் தாங்கப் போவதாக அவர் சொன்னாராம். அதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்துவது 30-ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம், அதற்கும் அதே அளவு தண்டனை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நூற்றாண்டுகள் நின்ற கல்லில், நாளை வேறு தொழில்நுட்பம் வந்தால் கழற்றிப் போடப்போகும் ஒரு கம்பிக்காக ஓட்டை போடுவதை உங்கள் தெருவே விரும்பாது என்று நம்புகிறேன்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. திருட்டுத்தனமாக ஒருமுறை போட்டுப் பிடிபட்டால், அதற்குப் பிறகு முறையாக வரும் விண்ணப்பத்தையும் துறை சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தக் கெட்ட பெயர் ஆபரேட்டரோடு போகாது, தெருவோடு தங்கிவிடும்.

காத்திருக்கும் காலத்தில்

மேலே சொன்ன எதுவும் மாதக் கணக்கில் இழுக்கும். உங்கள் வேலையும் மகளின் படிப்பும் அதுவரை காத்திருக்க முடியாது. 5ஜி அலைவரிசை மூலம் வீட்டுக்கு இணைப்புத் தரும் ஏர்ஃபைபர் போன்ற சேவைகள் 2023 முதல் இருக்கின்றன. மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ ஒரு சிறிய கருவி, அங்கிருந்து வீட்டுக்குள் ஒரு கம்பி, அவ்வளவுதான். தெருவைத் தொட வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் அலை எட்டுகிறதா என்று முதலில் சோதித்துப் பாருங்கள். கருவியைக் கைப்பிடிச் சுவரிலோ உள்முற்றத்துப் பக்கமோ பொருத்துங்கள். அலை எட்டவில்லை என்று ஓட்டுக்கு மேலே உயரமான இரும்புக் கம்பம் நிறுத்தாதீர்கள். மேல்நோக்கிய நீட்டிப்பு என்ற கேள்வி உடனே எழும், கோயிலின் முகப்பிலிருந்து பார்த்தால் கண்ணையும் உறுத்தும். ஃபைபரின் நிலையான வேகம் இதில் எப்போதும் கிடைக்காது. ஆனாலும் மழைக்கு மழை அறுந்துபோகும் செம்புக் கம்பிக்கு இது மேல்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், கோயில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் இன்னும் சிக்கலா என்று கேட்டிருந்தீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1987-லும், தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-லும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கென்று தனி அனுமதி கேட்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. மேலே சொன்ன 1958-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அங்கும் செல்லும். சுற்றுப்புறக் காட்சி கெடக்கூடாது என்பதில் அதிகாரிகள் கூடுதல் கவனம் காட்டுவார்கள், அவ்வளவே.

விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வராவிட்டாலோ, காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டாலோ, அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப்போடலாம். “கேபிள் போட உத்தரவிடுங்கள்” என்று கேட்பதைவிட, “எங்கள் விண்ணப்பத்தை 2(டிசி) பிரிவின்படி பரிசீலித்துக் குறிப்பிட்ட காலத்துக்குள் காரணத்தோடு பதில் தரச் சொல்லுங்கள்” என்று கேட்பது நல்லது. இத்தகைய கோரிக்கையை நீதிமன்றங்கள் எளிதில் தள்ளுவதில்லை. ஒரு ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பதில் பாதகமாக வந்தால் அது எழுத்தில் பதிந்துவிடும், அதை மாற்ற நீண்ட வழக்கு நடத்த வேண்டியிருக்கும். அதனால் எல்லை வரைபடமும், குழாய், மின்கம்பி பற்றிய தகவல்களும் கைக்கு வந்து, பாதையின் வடிவமைப்பை நிறுவனம் தயார் செய்த பிறகே விளக்கக் கடிதத்தை அனுப்புங்கள். அனுப்பும்போது விரைவுத் தபாலில், கிடைத்ததற்கான ஒப்புகையோடு, தொல்லியல் துறையின் வட்ட அலுவலகம், தகுதியுள்ள அதிகாரி, தேசிய ஆணையம் மூன்றுக்கும் ஒரே நாளில் போகட்டும். நகலை பேரூராட்சிக்கும் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.